மனை வாங்கும் முன் கேட்போம்: மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

இந்த மாதப் பாடம்
(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசவும்.)



திருவண்ணாமலையிலிருந்து எந்த ரோட்டில் பஸ் ஏறினாலும் இப்போது ஒரே காட்சிதான். செங்கம் ரோடு, வேலூர் ரோடு, அவலூர்பேட்டை ரோடு, திண்டிவனம் ரோடு என்று எல்லாப் பக்கமும் கல் நட்டு, கலர் கொடி கட்டி, "வீட்டு மனைகள் விற்பனைக்கு" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போன வருஷம் மல்லாட்டை போட்ட நிலம் இந்த வருஷம் ஏதோ ஒரு "நகர்" ஆகிவிடுகிறது. கிரிவலத்துக்கு வரும் கூட்டம் கூடக் கூட மனை விலையும் ஏறுகிறது. நம் குழு உறுப்பினர்களிலும் பலர் தவணையில் மனைக்குப் பணம் கட்டுகிறார்கள். மகள் பேருக்கு ஒரு மனை இருக்கட்டும் என்று குழுவில் கடன் கேட்கிறார்கள். அதில் தப்பே இல்லை. சொந்த இடம் என்பது பெண்களுக்குப் பெரிய பலம்.

மனை பார்க்கப் போனால் நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்? சதுர அடி என்ன விலை? போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர்? பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்? இதெல்லாம் கேட்கிறோம். ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறோம்.

மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக இங்கே வரும்? எந்த வழியாக வெளியே போகும்?

மனை வாங்குகிறவர் மட்டும் இதைக் கேட்டால் போதாது. பக்கத்து நிலத்துக்காரரும், கீழே இருக்கிற தெருக்காரரும், ஏரிப் பாசனக்காரரும் கேட்க வேண்டும். எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். மனைப் பிரிவு காகிதத்தில் இருக்கும்போது கேட்டால் ஒரு கோட்டை மாற்றிப் போட்டால் போதும். ரோடு போட்டு, மனை விற்று, வீடு கட்டிய பிறகு கேட்டால் வீட்டையே இடிக்க வேண்டி வரும். அதனால் மனைப் பிரிவுக்கு அனுமதி எப்படிக் கிடைக்கிறது, அதில் மழைநீருக்கு வழி எங்கே பார்க்கப்படுகிறது, நாம் எந்த இடத்தில் வாய் திறக்கலாம் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

2024 டிசம்பர் நமக்குச் சொன்னது

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடற்கரையில் பெய்ய வேண்டிய மழை உள்மாவட்டங்களிலும் கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ., கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 100 செ.மீ.தான். அதில் பாதி ஒரே நாளில் என்றால் யோசித்துப் பாருங்கள்.

டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தச் செய்தியை நாம் யாரும் மறக்க முடியாது. மறுநாள் விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் போய், விழுப்புரம், கடலூர் மாவட்ட கிராமங்கள் தண்ணீரில் நின்றன.

இவ்வளவு பெரிய மழையை எந்த வடிகாலும் முழுசாகத் தாங்காது. அது உண்மை. ஆனால் தண்ணீர் தன் பாதையைத் தேடித்தான் ஓடும். அந்தப் பாதையில் யார் வீடு இருக்கிறது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறோம். பெரிய புயல் எப்போதோ வரும். பாதை அடைத்த இடத்தில் சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வரும். அப்போது பாத்திரம், அரிசி மூட்டை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் கட்டிலில் ஏற்றி வைப்பது யார்? நாம்தான். சேற்றை வழித்துக் கழுவுவதும் நாம்தான். பசு கன்றுக்கு இடம் தேடுவதும் நாம்தான். ஆகவே இது நம்ம விஷயம்.

நம் ஊர்த் தண்ணீர் எப்படி ஓடுகிறது?

அண்ணாமலை 2,668 அடி உயரம். மலையில் விழும் மழை நான்கு பக்கமும் ஓடைகளாக இறங்குகிறது. அந்தத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று நம் முன்னோர் மலையைச் சுற்றிக் குளங்களும் தீர்த்தங்களும் ஏரிகளும் வெட்டி வைத்தார்கள். சமுத்திரம் ஏரி, வேங்கிக்கால் ஏரி, கீழ்நாத்தூர் ஏரி என்ற பெயர்களை நாம் தினமும் சொல்கிறோம். டவுனுக்குள் ஐயங்குளம் இருக்கிறது. கிராமங்களிலும் இதே முறைதான்.

மேட்டிலிருந்து ஓடை வரும். ஓடையிலிருந்து வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்குத் தண்ணீர் போகும். ஏரியில் மதகு வழியாகப் பாசனத்துக்குப் போகும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வெளியேறும். "ஏரி கோடி போகுது" என்று சொல்கிறோமே, அதுதான். கோடி போன தண்ணீர் உபரிநீர்க் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் ஆற்றில் சேரும்.

இதில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் இரண்டு கெடுதல். வரத்துக் கால்வாயை அடைத்தால் ஏரிக்குத் தண்ணீர் வராது, கிணறு வற்றும், போர் இறங்கிக்கொண்டே போகும். உபரிநீர்க் கால்வாயை அடைத்தால் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வரும். ஒரே ஊரில் சித்திரையில் குடத்தோடு அலைவதும் கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நிற்பதும் இப்படித்தான்.

வருஷத்தில் பத்து மாதம் கால்வாய் காய்ந்து கிடக்கும். புதர் மண்டி, குப்பை கொட்டி, மேடு தட்டிப் போயிருக்கும். புதிதாக வந்தவர் கண்ணுக்கு அது "சும்மா கிடக்கிற இடம்". ஆடு மேய்த்தவருக்கும் களை எடுத்தவருக்கும்தான் அங்கே தண்ணீர் ஓடியது தெரியும். அந்த அறிவு நம்மிடம்தான் இருக்கிறது.

ஒரு தண்ணீர்க் கணக்கு

நிலம் மனையானால் தண்ணீர் ஏன் கூடுகிறது? ஒரு கணக்குப் போடலாம். குழுவில் நோட்டு எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர்.

5 ஏக்கர் புன்செய் நிலம் இருக்கிறது. ஒரு நாள் நல்ல மழை, 50 மி.மீ., அதாவது 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

5 x 4,047 x 50 = சுமார் 10 லட்சம் லிட்டர்.

12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 84 லாரி!

இந்த நிலம் விவசாயத்தில் இருந்தவரை என்ன ஆனது? உழுத மண் குடித்தது. மீதி வரப்புக்குள் நின்றது. ஒரு சாண் வரப்பு இருந்தால் 5 செ.மீ. மழை நிலத்தை விட்டு வெளியே போகாது. நம் வரப்புதான் நம் ஊரின் முதல் வெள்ளத் தடுப்பு.

மனை போடும்போது முதலில் செய்வது என்ன? ஜேசிபி வைத்து வரப்பை வழித்துச் சமன் செய்வதுதான். பிறகு தார் ரோடு வரும். பிறகு கான்கிரீட் தளம், சிமெண்ட் வாசல். தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இடமே இல்லை. முன்பு நின்று நிதானமாகப் போன தண்ணீர் இப்போது ஒரே மணி நேரத்தில் தெருவோடு ஓடி வரும். அது யார் வாசலுக்கு வரும்? தாழ்வான இடத்தில் இருப்பவர் வாசலுக்கு. பெரும்பாலும் காலனியும் பழைய தொகுப்பு வீடுகளும்தான் தாழ்வில் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் நிலத்தைக் கிளறிக் கட்டுமானம் செய்கிறவர்கள், மழைநீருக்கென்றே தனி அனுமதி வாங்க வேண்டும். மண் அரித்து ஓடாமல் எப்படித் தடுப்பேன் என்று வேலை தொடங்கும் முன்பே திட்டம் எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரே பெயரில் ஒரே அனுமதி இல்லை. பல அனுமதிகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படாமல் நழுவிப் போகிறது.

அனுமதி எந்தெந்த இடத்தில் கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் மனைப் பிரிவுகளுக்கு அடிப்படை, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். விதிமுறைகள் 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் இருக்கின்றன. படிப்படியாகப் பார்ப்போம்.

1. வருவாய்த் துறை: நிலம் நன்செய்யா புன்செய்யா, உள்ளே ஓடை, வாய்க்கால், பாதை உண்டா என்பது இவர்கள் ஆவணத்தில் இருக்கிறது. நன்செய் நிலத்தை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும்.

2. நீர்வளத் துறை: முன்பு பொதுப்பணித் துறையில் இருந்தது, 2021-இல் தனித் துறை ஆனது. ஏரி, கால்வாய்க்குப் பக்கத்தில் அல்லது தாழ்வான இடத்தில் மனை போட்டால் வெள்ளம் சூழுமா என்று பார்த்து இவர்கள் தடையின்மைச் சான்று தர வேண்டும். கல்வெட்டு எங்கே போட வேண்டும், எவ்வளவு மேடாக்க வேண்டும், கால்வாய்க்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நிபந்தனை எழுதுவது இந்தச் சான்றில்தான். மழைநீரைப் பொறுத்தவரை மிக முக்கியமான காகிதம் இதுதான்.

3. நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம்: இடத்தைப் பார்த்து, ரோடு, பூங்கா, மனை அளவு சரியா என்று பரிசீலித்துத் தொழில்நுட்ப அனுமதி தருகிறது. "டி.டி.சி.பி. அப்ரூவல்" என்று போர்டில் போடுவது இதைத்தான்.

4. உள்ளாட்சி: ரோட்டையும் பூங்கா இடத்தையும் மனை போடுபவர் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே இறுதி அனுமதி. திருவண்ணாமலை நகரம் 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. உங்கள் ஊர் ஊராட்சியா மாநகராட்சியா என்று தெரிந்து அந்த அலுவலகத்தை அணுகுங்கள்.

5. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்: நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் இங்கே பதிவு செய்யாமல் விளம்பரமோ விற்பனையோ செய்யக் கூடாது. நோட்டீஸில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூங்கா இடம் பற்றி ஒரு வார்த்தை. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை போட்டால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விட்டே ஆக வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவோ, வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தரலாம். நம் 5 ஏக்கர் கணக்கில் ரோட்டுக்கு ஒன்றேகால் ஏக்கர் போனால் மீதி மூன்றேமுக்கால் ஏக்கர். அதில் 10 சதவீதம் சுமார் 37 சென்ட். அந்த 37 சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 500 சதுர மீட்டரை, மூன்றேகால் அடி (1 மீட்டர்) ஆழப்படுத்தினால் 5 லட்சம் லிட்டர் நிற்கும். 84 லாரியில் பாதி அங்கேயே நின்று பூமிக்குள் இறங்கும்! உள்ளாட்சி சம்மதித்தால் பூங்காவிலேயே இப்படி ஒரு குட்டை வெட்டலாம். கரையைச் சரிவாக வைத்துச் சுற்றி வேலி போட வேண்டும், பிள்ளைகள் விளையாடும் இடம் அல்லவா! இதற்குப் பூங்கா இடம் மனைப் பிரிவின் தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது வரைபடம் போடும் அன்று. பிறகு மாற்ற முடியாது.

காகிதத்தில் தண்ணீரைப் படிப்போம்

"நமக்கு மேப் எல்லாம் புரியுமா?" என்று கேட்காதீர்கள். கோலம் போடத் தெரிந்தவருக்கு மேப் படிக்கத் தெரியும். மூன்று ஆவணம் போதும்.

கிராம வரைபடம்: ஊர் முழுசும் இருக்கும். ஓடை, ஏரி, வாய்க்கால் எந்த சர்வே எண் பக்கமாகப் போகிறது என்று தெரியும்.

புலப்படம்: எஃப்.எம்.பி. என்று சொல்வார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளவோடு இருக்கும். பட்டா நிலத்துக்குள்ளேயே வாய்க்கால் ஓடினால் இதில் பார்க்கலாம்.

அ-பதிவேடு: இந்த சர்வே எண் என்ன வகை என்று எழுதியிருக்கும். "ஓடை", "வாய்க்கால்", "ஏரி" என்று புறம்போக்காக இருந்தால் அதை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது.

இவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்கலாம். அ-பதிவேடு, புலப்படம் இரண்டையும் இணையத்திலும் பார்க்கலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை போனிலேயே எடுத்துத் தரும்.

பிறகு மனைக்காரர் தரும் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராம வரைபடத்தில் இருக்கும் வாய்க்கால் மனைப் பிரிவு வரைபடத்திலும் இருக்கிறதா? இருந்தால் அதே அகலமா? அல்லது "20 அடி ரோடு" என்று பெயர் மாறிவிட்டதா? இந்த ஒரு ஒப்பிடுதல் பல குடும்பங்களைக் காப்பாற்றும்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. மேல் பக்கத்து நிலத்துத் தண்ணீர் இதற்குள் எந்த இடத்தில் நுழைகிறது?
2. எந்த இடத்தில் வெளியே போகிறது? போய்ச் சேரும் ஏரி அல்லது ஓடையின் பெயர் என்ன?
3. ரோட்டு ஓரம் மழைநீர் வடிகால் உண்டா? அது முடியும் இடம் எது? (பல இடங்களில் வடிகால் மனைப் பிரிவின் கடைசிக் கல்லோடு நின்றுவிடும். அதன் பிறகு பக்கத்து நிலம்தான் வடிகால்!)
4. வாய்க்காலை ரோடு கடக்கும் இடத்தில் கல்வெட்டு உண்டா? ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்து மூடிவிட்டார்களா?
5. புது ரோடு பழைய தெருவைவிட எவ்வளவு உயரம்?
6. நீர்வளத் துறை சான்றில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது?
7. வேலை நடக்கும்போது மழை வந்தால் கிளறிய மண் எங்கே போகும்? வாய்க்காலில் விழுந்தால் தூர் யார் எடுப்பது?

விரிவாக்கத்துக்குத் தேவைப்படும் ரோடு, வடிகால் போன்ற வசதிகளின் செலவை மனை போடுபவரே ஏற்க வேண்டும். "அதெல்லாம் பிறகு பஞ்சாயத்து பார்த்துக்கும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பஞ்சாயத்துப் பணம் நம் பணம்.

குழு என்ன செய்யலாம்?

முதல் வேலை, நடந்து பார்ப்பது. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு, வயசான பாட்டி இருவரையும் அழைத்துக்கொண்டு ஓடை முதல் ஏரி வரை நடங்கள். பாட்டிகளுக்குத் தெரிந்த வாய்க்கால் சில சமயம் எந்தப் போர்டிலும் இருக்காது. எங்கே அடைப்பு, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று போட்டோ எடுங்கள். தேதி எழுதுங்கள்.

இரண்டாவது, குழுவில் தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் வையுங்கள். ஒரு குழு கேட்டால் "அந்த அம்மா" கேட்டது ஆகும். பதினைந்து குழு கேட்டால் ஊர் கேட்டது ஆகும்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான நாள். ஊராட்சி யார் பொறுப்பில் இருந்தாலும், தலைவரோ தனி அலுவலரோ, பொருளை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் ஒரு மனைப் பிரிவு நின்றுவிடாது. ஆனால் ஊர் எச்சரித்தது என்று பதிவு இருக்கும். அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது அதிகாரி பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

நான்காவது, மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். ஏரி யார் வசம் என்று தெரிந்து எழுதுங்கள். 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறை வசம். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம் வசம்.

ஐந்தாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "இன்ன சர்வே எண் மனைப் பிரிவுக்குத் தந்த அனுமதி வரைபடம், நீர்வளத் துறை தடையின்மைச் சான்று, அதன் நிபந்தனைகள் ஆகியவற்றின் நகல் தேவை" என்று கேளுங்கள்.

மனு மாதிரி

பெறுநர்: செயற்பொறியாளர், நீர்வளத் துறை / உதவி இயக்குநர், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம்.

ஐயா / அம்மா, எங்கள் ........ ஊராட்சியில் சர்வே எண் ........ இல் மனைப் பிரிவு அமைக்கும் வேலை நடக்கிறது. இந்த இடத்தின் வழியாக சர்வே எண் ........ ஓடையிலிருந்து ........ ஏரிக்கு வரத்துக் கால்வாய் செல்கிறது. கால்வாயின் அகலம் குறையாமல் அளந்து கல் நடவும், ரோடு கடக்கும் இடத்தில் கல்வெட்டு அமைக்கவும், மழைநீர் வடிகாலை ........ வரை கொண்டு சேர்க்கவும் நிபந்தனை விதித்து, நேரில் ஆய்வு செய்யக் கேட்டுக்கொள்கிறோம். கிராம வரைபட நகல், போட்டோ இணைத்துள்ளோம்.

மனுவைக் கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கூட்டங்களில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

"அக்கா, அப்ரூவல் ஆன மனைதானே. அப்புறம் என்ன பயம்?"
அப்ரூவல் அவசியம். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதி இல்லாத புது மனைகளைப் பத்திரப் பதிவு செய்யவே முடியாது. ஆனால் காகிதத்தில் வரைந்த வடிகால் தரையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் பார்த்த மனையை ஒரு மழைக்குப் பிறகும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

"நாங்க 2010-லேயே அப்ரூவல் இல்லாத மனை வாங்கிட்டோம். என்ன பண்றது?"
2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதி வந்தது. நீர்நிலை, கால்வாய் இடத்தில் உள்ள மனைக்கு அந்த வரன்முறை கிடையாது. உங்கள் சர்வே எண்ணை அ-பதிவேட்டில் பார்த்துவிட்டு அலுவலகம் போங்கள்.

"நம்ம குழு அம்மா வீடே ஓடைப் புறம்போக்கில்தான் இருக்கு. அவங்களைக் காட்டிக் கொடுக்கணுமா?"
இது கஷ்டமான கேள்வி. மூடி மறைக்காமல் பேசுவோம். நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லும் (ஹின்ச் லால் திவாரி வழக்கு), சென்னை உயர் நீதிமன்றம் 2005-லும் (எல். கிருஷ்ணன் வழக்கு) தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. ஓடைப் புறம்போக்கு ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு, அங்கே பட்டா கிடைக்காது. என்றைக்காவது நோட்டீஸ் வரும். ஆபத்தும் அவர்களுக்குத்தான் முதலில். போக இடமில்லாமல்தான் அங்கே குடிசை போட்டார்கள். அவர்களுக்கு மாற்று மனைப் பட்டா கேட்டுக் குழுவே முன்னால் நின்று மனு கொடுக்க வேண்டும், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அதோடு ஒன்று கவனியுங்கள். பெரிய ஆள் வாய்க்காலை மூடி நூறு மனை விற்றதைப் பேசாமல், ஏழையின் ஒரு குடிசையை மட்டும் பேசுவது நியாயம் இல்லை.

"ரியல் எஸ்டேட்காரங்களைப் பகைச்சுக்கணுமா?"
பகைக்க வேண்டாம். மனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டுமே. வடிகாலும் கல்வெட்டும் குட்டையும் இருக்கும் மனைப் பிரிவு விற்கிறவருக்கும் நல்ல பெயர்தான். தனியாகப் போய்ப் பேசாதீர்கள். குழுவாகப் போங்கள். எழுத்தில் கேளுங்கள்.

வீடு கட்டியவர்களுக்கு

2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது வைத்த குழாய்கள் பல வீட்டில் உடைந்து, தொட்டி மண் மூடிக் கிடக்கின்றன. 600 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,780 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 185 குடம்! அதைத் தெருவில் விடுவதா, நம் போருக்குப் பக்கத்தில் இறக்குவதா? ஆடி மாதமே தொட்டியைச் சுத்தம் செய்து, ஜல்லியை அலசிப் போடுங்கள். வாசல் முழுக்க சிமெண்ட் போடாமல் கொஞ்சம் மண் விடுங்கள். ஒரு முருங்கையாவது நிற்கும்.

மனைக் கடன் கொடுக்கும் குழுக்களுக்கு

மனை வாங்கக் கடன் கேட்டு வந்தால், ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஐந்து விஷயம் பார்த்துவிட்டுத் தீர்மானம் எழுதுவது நல்லது: அனுமதி எண், ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண், அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல், இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய்த் தண்ணீர் வழி பார்த்த குறிப்பு. இது கடனை மறுக்க அல்ல. தண்ணீரில் நிற்கும் மனைக்குத் தவணை கட்ட முடியாமல் உறுப்பினர் தவித்தால், குழுவின் சேமிப்பும் சேர்ந்து தவிக்கும்.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் ஊர் ஏரிக்கு எத்தனை வரத்துக் கால்வாய்? இன்று எத்தனையில் தண்ணீர் ஓடுகிறது?
2. 2024 டிசம்பர் மழையில் நம் ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது? அதற்கு மேல் பக்கம் புதிதாக என்ன வந்திருக்கிறது?
3. நம் ஊரில் மனை போடப் போகும் நிலம் எது என்று யாருக்காவது தெரியுமா?

செய்முறைப் பயிற்சி: கூட்ட இடத்தில் தரையில் கோலமாவால் உங்கள் ஊர் வரைபடம் போடுங்கள். ஓடை, கால்வாய், ஏரி, தெரு, புது மனைகள் எல்லாம் வரையுங்கள். மேட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுவதுபோல் விரலால் வழி காட்டிப் பாருங்கள். விரல் எங்கே தடைபடுகிறதோ அந்த சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குள் புலப்பட நகல் வாங்கி வாருங்கள்.

நினைவில் வைப்போம்

மனை வரைபடத்தில் இருக்கும்போதே கேட்போம்.
கிராம வரைபடத்தையும் மனை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.
நீர்வளத் துறை சான்றின் நிபந்தனையை வாங்கிப் படிப்போம்.
மழை பெய்த மறுநாள் மனையைப் பார்ப்போம்.
தனியாக அல்ல, குழுவாகக் கேட்போம்.

உங்கள் குழு நடந்து பார்த்த விவரத்தை எழுதி, கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எந்த ஊரில் எந்தக் கால்வாய் திறந்தது என்று அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்